எஞ்சின் இல்லாத பஸ்ஸில் பால் காய்ச்சியது

ராகு காலத்தில் நான் நல்ல காரியம் எதையும் தொடங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் சாமியைப் பழிக்கிறேன், சாத்திரத்தைப் பழிக்கிறேன் என்று எங்கள் ஆட்களே கிளம்பிவிடுவார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல், பன்னிரண்டுக்குள், துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றுகிறவள் நான். வேலை செய்த காலத்தில் அந்த நேரத்துக்குத் தேயிலைக் காட்டில் முதுகில் கூடையோடு நிற்போம், முடியாது. வேலையை விட்ட பிறகு ஒரே ஒரு வெள்ளிதான் தவறியது, ஏலத்துக்குப் போன வெள்ளி. அம்மன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபமெல்லாம் என் அண்ணன் மேல். அதுவும் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை முடிந்த மாதம், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வந்து வாசலில் நின்றான். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் சொல்லிவிட்டுப் போகிற சேதி என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு வேலை முடிஞ்சிருச்சுல்ல. இந்த வீட்ட ஆபீஸுக்குக் கொடுக்கணும். தீபாவளி வரைக்கும் இருந்துக்கங்க, நான் துரைகிட்ட கேட்டு வாங்கிட்டேன்.”

“அந்தத் துரைய இங்க வந்து சொல்லச் சொல்லு.”

“அவரு புதுசுக்கா. அவருக்கு உங்கள தெரியாதே.”

“அவரு காலையில குடிக்கிற தேத்தண்ணி யாரு எடுத்த கொழுந்துன்னு கேளு. தெரியாதாம்ல, தெரியாது!”

கிராணி என்ன செய்வான், பாவம். அவன் அப்பாவும் இதே லயத்து வரிசை வீட்டில் இருந்து போனவர்தான். வேலை செய்தால் வீடு, வேலை நின்றால் வீடு இல்லை. சட்டம் அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் தரைக்குச் சிமெண்டு போட்டோம். தெரிந்தேதான் பின்பக்கம் தகரம் இறக்கி அடுப்படி கட்டினோம். நம்முடையது இல்லை என்று தெரிந்த தரையைத்தான் இத்தனை வருடமும் குனிந்து குனிந்து துடைத்தேன்.

மகள் கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறாள். இரண்டு அறை, மாமியாரோடு சேர்த்து ஆறு பேர். வா என்றுதான் கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டதும், கூப்பிடுகிறாளே தவிர எங்கே படுக்க வைப்பது என்று யோசிக்கிறாள் என்பது எனக்குக் கேட்டுவிட்டது. பெற்றவளுக்குக் கேட்காதா?

இடம் ஒன்று கிடைத்தது. கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம், தக்காளி தரம் பிரிக்க என்னையும், மருந்து அடிக்க இவரையும் வரச் சொல்லியிருந்தார். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டையும் காட்டினார். ஆனால் வீடு கட்டக் கூடாது என்றார். “ருமா தாபோலே. பஸ், லோரி, போலேலா.” கட்டடம் எழும்பினால் நிலத்து ஆபீஸிலிருந்து ஆள் வருமாம். பஸ்ஸோ லாரியோ நின்றால் ஒன்றும் கேட்க மாட்டார்களாம்.

அதற்கு முந்தின வாரம்தான் கியா பார்மில் பெருமழைக்கு ஒரு ஸ்ட்ராபெரி கடையில் ஒதுங்கியிருந்தேன். பழைய வேனைக் கடையாக்கி வைத்திருந்தார்கள். ஒரு பொட்டு மழை உள்ளே வரவில்லை. தவுக்கே சொன்னதும் அந்த வேன்தான் என் கண்ணில் வந்தது. வேன் சின்னது. பஸ் என்றால்?

பஸ்ஸைப் பற்றித் தெரிந்த ஆள் என் அண்ணன் ஒருத்தர்தான். கம்போங் ராஜாவில் இருக்கிறார், காய்கறி லாரி ஓட்டுகிறார், எங்கள் கோயில் கமிட்டிக்கும் தலைவர். பாக்கெட்டில் பஞ்சாங்கம் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. லாரிக்கு டயர் மாற்றவும் நாள் பார்ப்பார். அவர்தான் சொன்னார்: “ஈப்போ பக்கம் லெலோங் போடுறாங்க பிள்ள. வயசான ஸ்கூல் பஸ்ஸெல்லாம் ஏலத்துக்கு வருது. இனிமே பிள்ளைங்கள ஏத்த உடமாட்டாங்க, ஆனா பாடி கல்லு மாரி இருக்கும்.”

“நம்மள மாரின்னு சொல்லுங்க மச்சான்,” என்றார் எங்கள் வீட்டுக்காரர். அந்த வாரம் முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஏலத்துக்கு முதல் நாள் வண்டிகளைப் பார்க்க விடுவார்கள். வியாழக்கிழமை அண்ணன் லாரியிலேயே மலை இறங்கினோம். பெரிய மைதானம், வரிசையாக மஞ்சள் பஸ்கள், பக்கவாட்டில் கறுப்பு எழுத்தில் பாஸ் செக்கோலா, மலாயில் ஸ்கூல் பஸ். மூன்றாவதாக நின்ற பஸ்ஸில் ஏறினேன். ஏறியதுமே மனசு உட்கார்ந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் ஒரு கட்டைப் பென்சில், முறுக்குத் தூள், ஒற்றை வெள்ளைக் காலுறை. முழத்தால் அளந்தேன். பின்னால் படுக்கை. நடுவில் இரண்டு சீட்டை விட்டுவிடலாம், வருகிறவர்கள் உட்கார. அடுப்பு இடது ஜன்னலுக்குக் கீழே, புகை வெளியே போக. டிரைவர் சீட்டுக்குப் பக்கம் சாமி. அண்ணன் சாவியைத் திருப்பினார், பஸ் உறுமியது. “மலையேறி வந்துரும்லா, இன்னும் பத்து வருசம் ஓடும்,” என்றார். கதவை நான் இழுத்துச் சாத்தினேன். அது மடிந்து விரிகிற கதவு. சாத்திவிட்டுத் திறந்தேன், மறுபடி சாத்தினேன்.

“என்னடி பண்ற?” என்றார் இவர் கீழேயிருந்து.

“கதவு நல்லா சாத்துது,” என்றேன்.

இந்த வயதுவரை நான் சாத்திய கதவெல்லாம் தோட்டத்துக் கதவு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தகரக் கூரைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஏலம் விடுகிறவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக ஓட்டினார், ஜும்ஆ தொழுகைக்குள் முடிக்க வேண்டுமாம். வாங்க வந்தவர்களுக்கு ஆளுக்கொரு எண் அட்டை. எங்கள் அட்டை அண்ணன் பேரில். எங்கள் சேமிப்பு, அவர் கையில் அட்டை. எனக்கு மலாய் எழுத்துக்கூட்டத்தான் வரும், இவருக்குக் கூட்டம் என்றாலே வாய் வராது. அதனால் அப்படி.

எங்கள் பஸ்ஸின் படம் திரையில் வந்தது. நாற்காலி விளிம்புக்கு வந்தேன்.

“அண்ணே, நம்ம பஸ்ஸு. தூக்குண்ணே.”

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ராகு காலம் ஓடிக்கிட்டு இருக்கு பிள்ள.”

“அதுக்கு?”

“இப்ப வாங்குனா விளங்காது. குடியிருக்கப் போற பொருளு.”

“கூப்புடுறாங்கண்ணே!”

“கூப்புடட்டும். பன்னண்டுக்கு மேல வேற வரும். அங்க இத்தன பஸ்ஸு நிக்குதுல்ல, அவசரப்படாத.”

சொல்லிக்கொண்டே அட்டையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் எட்டி இழுத்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் மடி மேல் விழுந்து இழுத்தேன். அட்டை வளைந்ததே தவிர வரவில்லை. முன்வரிசை ஆட்கள் திரும்பிச் சிரித்தார்கள். “மானத்த வாங்காத, பேசாம இரு,” என்று பல்லைக் கடித்தார் அண்ணன். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு ஆள், சோம்பல் முறிக்கிற மாதிரி, அட்டையைத் தூக்கினார். மைக்கில் செகாலி என்றார்கள், ஒரு தரம். டுவா காலி என்றார்கள், இரண்டு தரம். மூன்றாவது தரம் சொல்லிச் சுத்தியலால் தட்டினார்கள். போயிற்று.

எழுந்து போய் அந்த ஆளிடம் கேட்டேன், தமிழர்தான். “தம்பி, வீடாக்கப் போறீங்களா?”

“இல்லக்கா. உரம் போட்டு வைக்க. மூட்ட மழையில நனையுது.”

உரத்துக்கு வீடு கிடைத்துவிட்டது.

அதன் பிறகு மணி ஓடியது, பஸ்ஸும் ஓடியது. ஒவ்வொரு பஸ்ஸாகத் திரையில் வந்து ஒவ்வொருத்தர் கைக்குப் போனது. அண்ணன் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆனதும் அட்டையை எடுத்து, சட்டையில் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதி நாற்காலி காலி. பாஸ் செக்கோலா என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான், தூக்கிவிட்டார். ஏலம் விடுகிறவர் மைக்கில் அந்தப் பஸ்ஸைப் பற்றி இன்னும் வாசித்துக்கொண்டே இருந்தார். யார் கேட்டது?

ஒருத்தரும் போட்டிக்கு வரவில்லை. சுத்தியல் விழுந்தது. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“பாத்தியா? ஒரு ஈ காக்கா எதிர்த்து வரல. இதுக்குப் பேருதான் நேரம்.”

பஸ் மைதானத்தின் கடைசியில், லாலான் புல்லுக்குள் நின்றது. முதல் நாள் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது, கண்ணாடி உடையவில்லை. எங்கள் வீட்டுக்காரர் உள்ளே ஏறி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மூடியைத் தூக்கினார். ஒரு மைனா அவர் முகத்தை உரசிக்கொண்டு வெளியே பறந்தது. குனிந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார்.

“மச்சான். இதுல எஞ்சின் இல்ல.”

“உள்ள தள்ளி இருக்கும் மாப்ள. நல்லா பாருங்க.”

“புல்லு தெரியுது மச்சான்.”

அண்ணன் ஏறிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சரி உடு. வீடா வச்சுக்கத்தானே போற? வீட்டுக்கு எதுக்குப் பிள்ள எஞ்சின்?”

அந்த மைதானத்தில் வைத்து நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எழுத முடிந்ததை மட்டும் எழுதுகிறேன். “ராகு காலத்துல துர்க்கைக்கு விளக்கு போடச் சொல்றது யாரு? நீ! கமிட்டித் தலைவரு! அந்த நேரத்துல கேட்டா அவ குடுப்பான்னு மைக்குல சொல்றது யாரு? நீ! நான் கேட்டேன், அவ குடுத்தா. மூணாவதா நின்ன பஸ்ஸ அவ என் கண்ணுல காட்டிக் குடுத்தா. நீ அவ கைய மடக்கி உன் தொடைக்கு அடியில வச்சுக்கிட்ட!”

“சாமிய இழுக்காத.”

“நான் எங்க இழுத்தேன்? நீதான் அது மேல உக்காந்துக்கிட்டு இருந்த!”

இன்றைக்கும் நான் அதைத்தான் நினைக்கிறேன். நேரம் பார்ப்பது நாம் அடங்கி நடப்பதற்கு. அண்ணன் பார்ப்பது அடுத்தவரை அடக்குவதற்கு.

பஸ்ஸை நீளமான லாரி ஒன்றில் ஏற்றிக் கட்டி, சிம்பாங் புலாய் வழியாக மேலே கொண்டுவந்தோம். வளைவுக்கு வளைவு அது சங்கிலியில் முனகியது. அந்தக் கூலியில் எங்கள் கையிருப்பு கரைந்தது. கம்போங் ராஜாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஸ்ஸே லாரி மேல் உட்கார்ந்து வருவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். எங்கள் லயத்து ஆட்கள் அதற்கும் மேலே. “என்னக்கா, ரிடையராகி டூர் கிளம்பிட்டீங்களா? எங்களுக்கும் ஒரு டிக்கெட் போடுங்க!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷனுக்கு அடுத்த வருடம் வேலை முடிகிறது. திருப்பிச் சொன்னால் சாபமாகிவிடும் என்று பஸ் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ்ஸைத் தவுக்கே காட்டிய மேட்டில் இறக்கியதும் இவர் சீட்டுகளைக் கழற்றினார். துருப்பிடித்த ஒவ்வொரு ஆணிக்கும் எண்ணெய் விட்டு, காத்திருந்து, தட்டித் தட்டி எடுத்தார். இரண்டு சீட்டை விட்டு வைத்தோம். கொட்டகைக் குழாயிலிருந்து தண்ணீர் இழுத்தோம். எஞ்சின் இருந்த குழியின் மேல் பலகை அடித்து, சிவப்புத் துணி விரித்து, அம்மனுக்கும் துர்க்கைக்கும் அங்கே இடம் ஒதுக்கினேன். மழைநாளில் உள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பொட்டு இறங்கவில்லை.

பால் காய்ச்ச வேண்டும் என்று பூசாரியிடம் போனேன். கோயில் படியில் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுக்காம்மா, வண்டிக்கா?” என்றார் பூசாரி.

“வீட்டுக்குச் சாமி.”

“பஸ்ஸுன்னாங்களே?”

“நாங்க குடியிருக்கப் போற பஸ்ஸு.”

“அப்ப வண்டிப் பூச செஞ்சிரலாம். டயருக்கு ஒண்ணா எலுமிச்சம்பழம், ஒரு பூசணிக்கா...”

“எலுமிச்சம்பழத்த எதுக்குச் சாமி டயருக்கு அடியில வைக்கிறோம்? வண்டி ஏறி நசுக்கிட்டுப் போகத்தானே? இது எங்க போவப் போவுது?”

அண்ணன் குறுக்கே வந்தார். “அவரு சொல்றது கரெக்ட்டுலா. வாசக்கால் இல்ல, நெலை இல்ல, சக்கரம் இருக்கு. சாத்திரப்படி அது வண்டி. வண்டியில பால் காய்ச்சுனா சனங்க சிரிக்கும்.”

“வீட்டுக்கு எதுக்குப் பிள்ள எஞ்சின்னு கேட்டது எந்த வாயி? ஈப்போவுல வீடு, இங்க வந்தா வண்டியா?”

பூசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மணியைத் துடைக்கப் போய்விட்டார். “நீங்க அண்ணன் தங்கச்சி பேசி முடிவு பண்ணுங்க. தலைவர் சொன்னா நான் வர்றேன்.”

தலைவர் சொல்லவில்லை.

அவர்களுக்கு ஒன்று விளங்கவில்லை. நான் என் வாழ்க்கையில் பால் காய்ச்சியதே கிடையாது. லயத்து வீட்டுக்கு யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். சாவியைக் கொடுப்பார்கள், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போவோம், விளக்கேற்றிச் சோறு பொங்குவோம், அவ்வளவுதான். தோட்டத்து வீட்டுக்கு யார் பால் காய்ச்சுவது? என் அம்மா காய்ச்சவில்லை, என் மாமியார் காய்ச்சவில்லை. அண்ணன் கம்போங் ராஜாவில் கடன் எடுத்து வீடு வாங்கினபோது காய்ச்சினார். பால் பொங்கி வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து நானும்தான் குலவை போட்டேன். அந்த ஒரு சொம்புப் பாலைத்தான் நான் கேட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. லயத்துச் சாவியை முதல் நாளே கிராணியிடம் கொடுத்துவிட்டு, இரவு தவுக்கே கொட்டகையில் படுத்திருந்தோம். விடியாத நேரம், பனி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, படியில் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தேன், மாவிலையை மடிக்கிற கதவின் மேல் கட்டினேன். சாமி படத்தை இவர் தூக்கிக்கொண்டு முதலில் ஏற, நிறைகுடத்தோடு நான் ஏறினேன். புது அடுப்பு, புதுப் பாத்திரம். மந்திரம் தெரியாது. “தாயே, இது வீடு. யாரு என்ன சொன்னாலும் நீ வண்டின்னு நெனச்சுராத,” என்று சொன்னேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மூக்கு நுனி சிவந்திருந்தது, குளிராலும் இருக்கலாம்.

பால் பொங்கியது. மேடு கொஞ்சம் சரிவு, அதனால் கிழக்கே போகாமல் சரிவுப் பக்கம் வழிந்தது. வழியட்டும். பொங்கிற்று இல்லையா? தவுக்கே வாசலில் நின்று ஒரு டம்ளர் பால் வாங்கிக் குடித்துவிட்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பதினொரு மணி இருக்கும். பனி தூறலாக மாறியிருந்தது. காய்கறி ஏற்ற வந்த அண்ணன் லாரி கொட்டகையில் நின்றது. யாரோ சொல்லியிருக்க வேண்டும். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையுமாக மேட்டில் ஏறி வந்தார். முகத்தில் சிரிப்பு. மாவிலையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார்.

“காய்ச்சிட்டியா? பரவால்ல, பரவால்ல. அன்னிக்கு நான் நேரம் பாத்து எடுத்த பஸ்ஸு, அதான் இப்படி அமைஞ்சிருக்கு.”

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் காலை வைத்தார். நான் கதவை இழுத்துச் சாத்தினேன். அந்தக் கதவும் நன்றாகத்தான் சாத்துகிறது.

“என்ன பிள்ள?”

“மணி என்னண்ணே?”

கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“வெள்ளிக்கிழம,” என்றேன் கண்ணாடி வழியாக. “ராகு காலம் ஓடிக்கிட்டு இருக்கு. புது வீடு. இப்ப மொத மொதலா காலு வச்சா விளங்காது.”

“ஏய், நான் உன் அண்ணன்! எனக்கு என்ன நேரம் காலம்? நான் என்ன வெளியாளா?”

“அவசரப்படாதண்ணே. பன்னண்டுக்கு மேல கதவு தெறக்கும்.”

“மழ பெய்யுதுடி!”

“மாரியம்மா அனுப்புறா. நனை.”

அவர் திட்டினார். கோயில் கமிட்டித் தலைவர் பேசுகிற பேச்சு இல்லை அது. திட்டிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. பாஸ் செக்கோலா என்ற எழுத்துக்குக் கீழே, வாழைப்பழத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சாமிப் பலகையின் முன்னால் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை அறுத்து, சாறு பிழிந்து, மூடியைத் திருப்பி, நெய் விட்டு, திரி போட்டேன். துர்க்கைக்கு விளக்கு நின்று எரிந்தது.

பின்னால் ஜன்னல் கண்ணாடி நகரும் சத்தம். எங்கள் வீட்டுக்காரர் கம்பிக்கு நடுவே ஒரு டம்ளர் தேத்தண்ணியை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

“குடிங்க மச்சான். சூடா இருக்கு.”

வெளியே ஒரு உறிஞ்சு. பிறகு அண்ணன் குரல்:

“சீனி கம்மியா இருக்கு மாப்ள.”

“பன்னண்டுக்கு மேல உள்ள வந்து நீயே போட்டுக்க,” என்றேன் நான், திரும்பாமல்.